காலமான கட்டடம்

"காலமான கட்டடத்தின் கூரை ஒழுகுகிறது."

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு ஜூனியர் பெண் இந்த வரியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். ஆங்கில வாடகைப் பத்திரம் ஒன்றைத் தமிழாக்கும்படி கைபேசியிடம் கொடுத்தாளாம், அது இப்படி ஆக்கிக் கொடுத்ததாம். கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். "மேடம், கட்டடத்துக்குப் பதினாறாம் நாள் எப்பம்?" என்று வேறு கேட்டிருந்தாள்.

நானும் சிரித்தேன். ஆனால் கைபேசியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கருவி இன்றைக்குச் செய்த தப்பை முப்பது வருடத்துக்கு முன்னால் இதே சங்கரன்கோவிலில், இதே அலுவலகத்தில், கை நிறைய சான்றிதழ் வைத்திருந்த நான் செய்தேன். கைபேசியாவது கட்டடத்தைத்தான் சாகடித்தது. நான் ஓர் ஆளையே சாகடித்தேன். அதைச் சொன்னதும் ஜூனியர்கள் எழுதித் தந்தால்தான் ஆச்சு என்று பிடித்துக்கொண்டார்கள்.

என் பெயர் கோமதி. எங்கள் ஊரில் அம்பாள் பெயர் அது. பேருந்து நிலையத்தில் நின்று "கோமதி" என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள், ஆகவே எல்லோருக்கும் நான் "டைப்பிஸ்ட் கோமதி". தட்டச்சில் இரண்டு மொழியிலும் ஹையர், சுருக்கெழுத்தில் லோயர் பாஸ் செய்துவிட்டு வக்கீல் சண்முகவேலாயுதம் அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை வேறு படி ஏறவில்லை.

வக்கீல் சாருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். சாதாரணமாக நான் "கோமதி". சின்னத் தப்பு என்றால் "கோமதி அம்மா". பெரிய தப்பு என்றால் "கோமதி அம்மாள் அவர்களே". "அவர்களே" காதில் விழுந்தால் பக்கத்து மேசையில் இருக்கிற குமாஸ்தா எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துப் பட்டையில் துடைத்துத் திரும்ப மாட்டுவதற்குள் நமக்கு உயிர் போய்விடும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தத் தாளும் ஒப்பிடாமல் வெளியே போகக் கூடாது. அடித்த தாளை நான் வாய்விட்டு வாசிக்க வேண்டும், அசலை அவர் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி விரலை நகர்த்துவார். காற்புள்ளிக்குக் "கமா" என்று சொல்லாவிட்டால் விரல் நகராது, நின்றுவிடும். இரண்டு பக்க நோட்டீசுக்கு அரை மணி நேரம் ஆகும். இது வீண் வேலை என்று சேர்ந்த புதிதில் மனதுக்குள் நொந்துகொண்டிருந்தேன்.

சேர்ந்த வாரத்திலேயே ஓர் இரங்கல் தீர்மானம் அடிக்க வேண்டி வந்தது. மூத்த வக்கீல் ஒருவர் இறந்துபோனதற்காக ஆங்கிலத்தில் எழுதியது. "சேட் டிமைஸ்" என்று அதில் வந்தது. டிமைஸ் என்றால் மரணம், கொஞ்சம் கோட்டு சூட்டு போட்ட மரணம் என்று அன்றைக்கு மனதில் பதிந்துவிட்டது. ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால் அது நமக்கு முழுதாகச் சொந்தம் என்று நினைக்கிற வயது.

ஓராண்டு போயிருக்கும். எங்கள் அம்பாள் கோவில் திருவிழாவான ஆடித்தபசுக்கு முந்தின நாள். ஊரே ஜனக்காடாக இருந்தது. எங்கள் கட்சிக்காரர் சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கட்டடம் அவருடையது அல்ல, கடையநல்லூர் காதர் மைதீனுடையது. அவர் சவூதிக்குப் போவதற்கு முன்னால் அதை அண்ணாச்சிக்கு வாடகைக்கு விட்டு, திருநெல்வேலி வக்கீல் ஒருவரிடம் ஆங்கிலத்தில் பத்திரமும் எழுதிக் கொடுத்திருந்தார். ஊரில் மேற்பார்வை அவர் மனைவி மைமூன்.

"போன ஐப்பசியில ஓடு ஒழுகி அரைக் கடைச் சேலை நனைஞ்சு போச்சு. இந்த ஐப்பசிக்குள்ள மாத்தித் தரச் சொல்லி ஒரு நோட்டீஸ் விடுங்க" என்றார் அண்ணாச்சி.

சாருக்கு அன்று மதியம் திருநெல்வேலியில் ஒரு வழக்கு. சட்டையை மாட்டியபடியே எனக்குக் குறிப்புச் சொன்னார். அவர் வாயில் வந்தது இவ்வளவுதான்: "டிமைஸ்டு பிரிமிசஸ், காதர் மைதீன். ரூஃப் லீக்கிங். நோட்டீஸ் டு ஒய்ஃப். தமிழ்ல அடிச்சிரு."

எனக்குத்தான் டிமைஸ் தெரியுமே. அடடா, அந்த மனிதர் போய்விட்டார் போலிருக்கிறது என்று ஒரு நிமிடம் வருத்தப்படக்கூடச் செய்தேன். "காலமான காதர் மைதீன் அவர்களுக்குப் பாத்தியப்பட்ட கட்டடம்" என்று அடித்தேன். அதோடு விட்டேனா? சார் அவசரத்தில் "ஒய்ஃப்" என்று சொல்லிவிட்டார், கணவர் காலமான பிறகு அவள் எப்படி மனைவியாவாள் என்று யோசித்து, "அன்னாரின் விதவை மைமூன்" என்று நானாகவே ஒரு திருத்தமும் செய்தேன். வக்கீலின் பிழையைத் திருத்திவிட்ட பெருமையில் அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் தபசு, ஊருக்கு விடுமுறை. பதிவுத் தபால் வாங்கும் நேரம் முடிவதற்குள் போக வேண்டும். ஒப்பிட நேரமில்லை. சார் வாசற்படியில் நின்றபடி கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். நான் தாளை மடித்து உறையில் போட்டு, ஒப்புகை அட்டை இணைத்து, தபால் ஆபீசுக்கு ஓடினேன். கூட்டத்தில் செருப்பு அறுந்ததுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய கவலை.

அடுத்த புதன்கிழமை காலை ஒரு பெண் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். முக்காட்டை இழுத்துப் பிடித்திருந்த கையில் எங்கள் அலுவலக உறை. அழுகை இல்லை. அழுது முடித்த முகமும் இல்லை. அழலாமா கூடாதா என்று உத்தரவுக்குக் காத்திருக்கிற முகம்.

"நான் கடையநல்லூர் மைமூன்" என்றாள். "வக்கீலய்யா, ஓட்ட மாத்தித் தாரேன். கடைய வேணும்னாலும் நீங்களே வச்சுக்கிடுங்க. அவுஹ எப்பம் மவுத்தானாஹ? என்னைக்கு? எந்த நேரம்? அத மட்டும் சொல்லிருங்க."

சாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மவுத் என்றால் மரணம் என்பது மட்டும் தெரியும். "யாரும்மா?" என்றார்.

"கடிதாசி வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது. எனக்கு யாரும் தாக்கல் சொல்லல. ஒங்க நோட்டீஸ்லதான் போட்டிருக்கு. நான் இத்தா இருக்கணும்லா? நாலு மாசம் பத்து நாளு வெளிய வரக் கூடாது. நாள் தெரிஞ்சாத்தான எண்ண முடியும்? மாமிக்கு வாசிக்கத் தெரியாது. கட்டட விசயம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

சார் உறையை வாங்கி முதல் பக்கத்தை விரித்தார். அவர் விரல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. எனக்கு இன்னும் புரியவில்லை. பாவம், இவளுக்கே தெரியாதா என்றுதான் நினைத்தேன். சார் கண்ணாடியைக் கழற்றினார். குமாஸ்தா டீ குடிக்கப் போய்விட்டார்.

திட்டு எனக்கு விழும் என்று பார்த்தால், சார் எழுந்து நின்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கைகூப்பினார். "அம்மா, ஒங்க வீட்டுக்காரர் சாகல. அப்படி எனக்கு யாரும் சொல்லவே இல்ல. இது நான் வாசிக்காமக் கையெழுத்துப் போட்ட தப்பு" என்றார். என் பெயரை அவர் எடுக்கவே இல்லை. இல்லாத சாவை எழுதியது நான்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அலமாரியிலிருந்து அந்தக் கனத்த சட்ட அகராதியை இறக்கி அவள் முன்னால் விரித்தார். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதெல்லாம் அவர் நினைவில் இல்லை. விரலை வைத்து வரிக்கு வரி தமிழில் சொன்னார். "இந்தா பாருங்க, டிமைஸ். வாடகைக்கு விட்ட கட்டடத்த டிமைஸ்டு பிரிமிசஸ்னு சொல்லுவோம். பழைய பிரெஞ்சுப் பேச்சுலேருந்து இங்கிலீஷ்காரன் எடுத்துக்கிட்ட சொல்லு. விட்டுக் குடுக்கது, கை மாத்தி விடுதது, அதுதான் அர்த்தம். பத்திரத்துல கை மாறுனது கட்டடம். மனுசன் இல்ல."

"அப்ப சாவுன்னு அர்த்தமே கெடையாதா?" என்றாள் மைமூன்.

வேறு யாராக இருந்தாலும் கிடையாது என்று சொல்லி முடித்திருப்பார்கள். எங்கள் சாருக்குப் பொய் வராது. "அதுவும் உண்டும்மா" என்றார். "அந்தக் காலத்துல ராஜா செத்தா, செத்துட்டான்னு சொல்ல மாட்டாங்க. ராஜாங்கம் அடுத்த ஆளுக்குக் கை மாறிட்டுன்னு சொல்லுவாங்க. அந்தக் கை மாத்துக்கு டிமைஸ்னு பேரு. அதுலேருந்து மரியாதைக்கு எல்லார் சாவுக்கும் அந்தச் சொல்லு ஒட்டிக்கிட்டு."

"ராஜா செத்ததுனாலதான கை மாறிச்சு?" என்றாள் அவள்.

எத்தனையோ குறுக்கு விசாரணை செய்தவர் அகராதியை மெல்ல மூடி வைத்தார்.

"என்னைச் சமாதானம் பண்ணுததுக்குச் சொல்லுதீங்க" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கும் அப்போதுதான் பயம் பிடித்தது. நான் எழுதியது தப்பு, சரி. ஆனால் இரண்டு மாதமாக ஏன் கடிதம் இல்லை? தப்பாக எழுதியதே நிஜமாகிவிட்டால்?

அவள் பர்ஸில் கணவர் தங்கியிருந்த முகாமின் தொலைபேசி எண் ஒரு துண்டுத் தாளில் இருந்தது. ஐ.எஸ்.டி. பூத்துகள் வந்த புதிது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பூத்துக்கு மூவரும் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் அவளும் சாரும், வெளியே நான். ஏழெட்டுத் தடவை முயன்ற பிறகு லைன் கிடைத்தது. எடுத்தது ஒரு மலையாளி. அவன் கத்திய கத்தில் எனக்கே கேட்டது. "காதர் மைதீனோ? இவிடெ இல்லா!"

"இல்லை" என்றதுமே மைமூன் ரிசீவரை விட்டுவிட்டாள். நம் பேச்சில் ஓர் ஆள் இல்லை என்றால் அதற்கு என்ன பொருள் என்று நமக்குத் தெரியும். தொங்கிய ரிசீவரைச் சார் பிடித்து, அவருக்குத் தெரிந்த குற்றாலத்து மலையாளத்தில் ஏதோ கேட்டார். "வெள்ளியாழ்ச்ச" என்ற ஒரு சொல் வந்தது. அத்தோடு லைன் அறுந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை பேசச் சொல்லுதான்மா. இங்க இல்லேன்னா இந்த எடத்துல இல்லேன்னு அர்த்தம். வேற எடத்துக்கு வேலைக்குப் போயிருப்பாரு" என்றார் சார். குரலில் அவருக்கே முழு நம்பிக்கை இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "கோமதி அம்மாள் அவர்களே, இவுங்க கூட பஸ்ல போயி வீட்டு வாசல் வரைக்கும் விட்டுட்டு வாங்க."

கடையநல்லூர் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். புளியங்குடி வருவதற்கு முன்னால் என்னால் தாங்க முடியவில்லை. "அத அடிச்சது நான்தான்" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். புளியங்குடி தாண்டிய பிறகுதான் கேட்டாள். "விதவைன்னு போட்டதும் நீங்கதானா?"

"ஆமா. அது யாரும் சொல்லாம நானாப் போட்டது."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெருமுனையில் இறங்கியதும், "வீட்டுக்கு வராதீங்கக்கா" என்றாள். "ஒங்க மூஞ்சியப் பாத்தா மாமி கண்டுபிடிச்சிருவாஹ." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டட விசயமாகப் போய்வந்தவளைப் போல நடந்து போனாள். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். அவ்வளவு தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

வியாழக்கிழமை சார் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். என்னை அடிக்க விடவில்லை. "என் அலுவலக அறிவிப்பில் தங்கள் கணவரைக் காலமானவர் என்று குறிப்பிட்டது முழுத் தவறு. தங்களை விதவை என்று குறிப்பிட்டது அதைவிடப் பெரிய தவறு. மன்னிக்கவும்" என்று எழுதி, அதையும் என்னை வாசிக்கச் சொல்லி ஒப்பிட்டார். வாசிக்கும்போது எனக்குக் குரல் உடைந்தது. விரல் நகராமல் அந்த இடத்திலேயே நின்றது. நான் மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி அந்த வரியை முதலிலிருந்து வாசித்த பிறகுதான் நகர்ந்தது.

அன்று சாயங்காலம் சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்தார். விசயம் கேள்விப்பட்டு என் மேசைக்கே வந்துவிட்டார். "ஏம்மா, ஓடு ஒழுகுதுன்னுதான சொன்னேன்? ஓனரையே அனுப்பி வச்சிட்டியே!" என்றார். சார் உள்ளேயிருந்து, "அண்ணாச்சி அவர்களே" என்றார். அண்ணாச்சி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மைமூன் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். இரண்டு நாளில் ஆள் பாதியாகியிருந்தாள். பூத் திறக்கும் முன்பே மூவரும் வாசலில் நின்றோம். நான் அம்பாளுக்கு மாவிளக்கு நேர்ந்திருந்தேன். மைமூன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சார் எதையும் வெளிக்காட்டவில்லை, கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது முயற்சியில் லைன் கிடைத்தது. அதே மலையாளி. "ஒரு மினிட்" என்றான். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பதை எந்தப் பத்திரத்திலும் அளந்து எழுத முடியாது. பிறகு ஓர் ஆண்குரல். "அலோ? யாரு? மைமூனா? உம்மாவுக்கு என்ன? வீட்டுல யாருக்கு என்ன ஆச்சு? சொல்லு புள்ள!"

அவருக்கு அங்கே பயம். ஊரிலிருந்து திடீரென்று போன் வந்தால் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் பொருள். மைமூன் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணீர் கொட்டக் கொட்ட நின்றாள். அந்தப் பக்கம் கத்தல் அதிகமானது. கடைசியில் அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "சங்கரன்கோவில் கடைக் கூரை ஒழுகுதாம். ஓடு மாத்தணுமாம்."

"இதுக்கா புள்ள போன் போட்ட!" என்று அவர் அலறியது தெருவரை கேட்டது. மைமூன் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டாள். நான் வெளியே நின்று ஓவென்று அழுதேன். பூத்துக்காரர், வந்தது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று தெரியாமல் விழித்தார்.

அவரை வேறு வேலையிடத்துக்கு மாற்றியிருந்தார்களாம், வெள்ளிக்கிழமை மட்டும்தான் பழைய முகாமுக்கு வருவாராம். ஊருக்குக் கிளம்பிய ஒருவரிடம் இரண்டு கடிதம் கொடுத்துவிட்டிருக்கிறார். அந்த ஆளின் லீவு தள்ளிப்போய், கடிதங்கள் அங்கேயே அவர் பெட்டிக்குள் கிடந்திருக்கின்றன.

வேலை போய்விடும் என்று நான் டிபன் பாக்ஸைக்கூட எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டேன். சார் கூப்பிட்டார். "டிமைஸ் தெரியாதது தப்பில்ல. எனக்கும் ஒரு காலத்துல தெரியாது. நான் ஒய்ஃப்னு சொன்னத விதவைன்னு மாத்துனீங்க பாருங்க, சந்தேகம் வந்தா கேக்கணும்லா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். "நானும் வாசிச்சிருக்கணும். கமாவ விட்டா நிக்கிற வெரலு, அன்னைக்கு எங்க போச்சுன்னு தெரியல. சரி, அடுத்த தாள எடு கோமதி" என்றார். "கோமதி" என்று வெறும் பெயரைக் கேட்டதும் எனக்குத் திரும்பவும் அழுகை வந்துவிட்டது.

ஐப்பசிக்குள் ஓடு மாற்றிவிட்டார்கள். மறுவருடம் விடுமுறையில் வந்த காதர் மைதீன் நேராக அலுவலகத்துக்கு வந்து, "நான்தான் காலமானவன்" என்று அறிமுகம் செய்துகொண்டார். சாருக்கு ஒரு பேனா. எனக்கு ஒரு சின்னக் குப்பி. தட்டச்சுப் பிழையின் மேல் பூசும் வெள்ளை மை. "அங்க ஆபீஸ்ல தப்புக்கு இதத்தான் பூசுதாங்க. நமக்கு ஒரு குப்பி போதாதே, டைப்பிஸ்டம்மா?" என்றார். மை எப்போதோ காய்ந்துவிட்டது. குப்பி இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

அதற்குப் பிறகு மைமூன் எனக்கு உறவாகவே ஆகிவிட்டாள். நோன்பு மாதத்தில் ஒரு நாளாவது தூக்குவாளியில் கஞ்சி வந்துவிடும். தபசுக்கு அவள் குடும்பம் எங்கள் வீட்டில்தான் சாப்பிடும். என் மகள் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளிடம் காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டி முழுவதும் வாசித்துவிட்டு, "எல்லாரும் உசுரோட இருக்காஹ, அடிக்கச் சொல்லுங்க" என்றாள்.

தட்டச்சு போய்க் கணினி வந்தது. நானும் ஓய்வு பெற்றேன். ஒப்பிடும் வழக்கத்தை மட்டும் சார் விடவில்லை. கடைசிக் காலத்தில் கண் மங்கிய பிறகும் விரல் தாளின் மேல்தான் இருக்கும்.

போன வருடம் ஒரு காலையில் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். போனேன். சார் அறையில் அவர் நாற்காலி காலியாக இருந்தது. வக்கீல்கள் ஆங்கிலத்தில் ஓர் இரங்கல் செய்தி எழுதி வைத்திருந்தார்கள். "டிமைஸ்" என்று அதில் இருந்தது. தமிழில் நீங்கள்தான் எழுத வேண்டும் என்றார்கள். எழுதினேன். எழுதியதை நான் வாய்விட்டு வாசித்தேன், இப்போது அலுவலகத்தை நடத்தும் அவருடைய பழைய ஜூனியர் மகேஸ்வரி ஆங்கிலத் தாளில் விரலை நகர்த்தினாள். கமா வந்த இடத்தில் கமா என்று சொன்னேன். பிறகுதான் எல்லோருக்கும் அனுப்பினோம்.

பத்து நிமிடத்தில் மைமூன் அழைத்தாள்.

"அக்கா, நல்லா வாசிச்சுப் பாத்தீங்களா?" என்றாள். "கட்டடமா இருக்கப் போவுது. இன்னொருக்கப் பாருங்களேன்."

"ரெண்டு பேரு ஒப்பிட்டுப் பாத்தோம், மைமூன்" என்றேன்.

அன்றைக்கு எங்கள் வாசலில் நின்று கேட்ட அதே கேள்வியை, அதே வரிசையில் கேட்டாள்.

"என்னைக்கு? எந்த நேரம்?"

இந்தத் தடவை என்னிடம் பதில் இருந்தது. சொன்னேன்.